வரிசை மாறும் தேனீ: யோலோ மாவட்டச் சூரியகாந்தி விதை வயல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒட்டுவிதைக்காகச் சூரியகாந்தி போடுகிறவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. வயலோரம் தேன்பெட்டிகள் வரிசையாக இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் பூவுக்குப் பூ தேனீ உட்கார்ந்திருக்கும். அப்படியிருந்தும் அறுவடையில் கொண்டையை, அதாவது காய்ந்த பூத்தலையை, தட்டினால் பருப்பில்லாத பொக்கு கொட்டும். தேனீ குறைவா என்றால் இல்லை. பூ குறைவா என்றால் அதுவும் இல்லை. அப்புறம் விதை ஏன் பிடிக்கவில்லை?

எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கலிபோர்னியாவின் யோலோ மாவட்டத்திலிருந்து வந்தது. சாரா கிரீன்லீஃப், கிளேர் கிரெமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள ஒட்டுவிதைச் சூரியகாந்தி வயல்களில் தேனீக்களின் போக்கைக் கவனித்து, பிடித்த விதைகளை எண்ணினார்கள். அவர்களுடைய கட்டுரை 2006-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் வந்தது. மகரந்தச் சேர்க்கை பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த ஆய்வைத்தான். ஒரு தேனீ பூவில் உட்கார்வதற்கும் அந்தப் பூ விதையாவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய வேலையை நான் பார்த்ததில்லை.

அந்த வயலுக்குள் போவதற்கு முன், ஒரே ஒரு கொண்டையைப் பார்த்துவிடலாம்.

ஒரு கொண்டைக்குள்

சூரியகாந்தியில் நாம் பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூக்கூட்டம். சுற்றிலும் மஞ்சளாக விரிந்திருக்கும் இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரு மலட்டுப் பூ. அவற்றில் விதை வராது. நடுத்தட்டில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று நெருக்கமாக நிற்கும் சின்னச் சின்னக் குழாய்ப் பூக்களில்தான் விதை பிடிக்கும். ஒரு குழாய்ப் பூவுக்கு ஒரு சூல், ஒரு சூலுக்கு ஒரு விதை. சூல் கருவுற்றால் உள்ளே பருப்பு இருக்கும். கருவுறாவிட்டால் மேலோடு மட்டும் வளர்ந்து பொக்காக நிற்கும். ஆகவே, காய்ந்த கொண்டை என்பது அந்தப் பூவுக்கு நேர்ந்த ஒவ்வொரு சேர்க்கையையும், ஒவ்வொரு தவறலையும் வட்ட வட்டமாக எழுதி வைத்த கணக்குப் புத்தகம் மாதிரி. ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

குழாய்ப் பூக்கள் எல்லாம் ஒரே நாளில் திறப்பதில்லை. வெளிவட்டத்தில் தொடங்கி, நாளுக்குச் சில வட்டங்களாக உள்ளே போகும். கொண்டை முழுதும் பூத்து முடிய ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் ஆகும். ஒவ்வொரு சிறுபூவும் முதலில் ஆணாக இருக்கிறது. மகரந்தக் குழல் மேலே எழும்பி நிற்கும்; உள்ளிருந்து வளரும் சூல்தண்டு, மகரந்தத்தைத் தள்ளித் தள்ளிக் குழலின் வாய்க்குக் கொண்டுவரும். அடுத்த நாள்வாக்கில் அதே சூல்தண்டு வெளியே தலைநீட்டி, சூல்முடி இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் வளையும். அப்போதுதான் அந்தப் பூ பெண்ணாகிறது. தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் தடைகளில் இதுவும் ஒன்று.

இங்கேதான் தேனீ வருகிறது. அது செடிக்கு உதவி செய்ய வரவில்லை. கூட்டில் இருக்கும் புழுக்களுக்குப் புரதமாக மகரந்தமும், கூட்டுக்கே எரிபொருளாகப் பூந்தேனும் தேவை. ஒரு தேனீயின் உடம்பில் சுமார் 30 லட்சம் முடிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் நிறைய, கிளை விட்ட முடிகள். பறக்கும்போது அதன் உடம்பில் மின்னேற்றம் சேர்வதால் மகரந்தத்தூள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சூரியகாந்தி மகரந்தத்தின் மேல் முள் முள்ளாக வேறு இருக்கிறது. பூவில் புரண்ட தேனீ பறந்துகொண்டே கால்களால் உடம்பை வழித்து, தூளைப் பூந்தேனில் குழைத்து, பின்னங்காலில் இருக்கும் மகரந்தக் கூடையில் உருண்டையாக அடைத்துவிடும்.

அந்த உருண்டை செடியைப் பொறுத்தவரை வீண். அது சூல்முடிக்கு வந்து சேராது. கால் எட்டாத இடங்களில், மார்பிலும் வயிற்றிலும் வழித்தெடுக்க முடியாமல் ஒட்டியிருக்கும் தூள்தான் அடுத்த பூவுக்குப் போகிறது. தேனீ சேர்க்கத் தவறியதுதான் செடிக்குக் கிடைக்கும் பங்கு.

இன்னொரு குணமும் முக்கியம். ஒரு தேனீ ஒருமுறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே இனப் பூவையே நாடும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே கவனித்துக் குறிக்கப்பட்ட பழக்கம் இது. சூரியகாந்தி மகரந்தம் சூரியகாந்திக்கே போய்ச் சேர்வதற்கு இந்த விசுவாசம்தான் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யோலோ வயல்களில் இதே விசுவாசம்தான் இடைஞ்சலாக மாறுகிறது.

ஆண் வரிசை, பெண் வரிசை

ஒட்டுவிதை என்றால் இரண்டு வெவ்வேறு வழிச் செடிகளைக் கலந்து எடுப்பது. சூரியகாந்தியில் அது வணிக அளவில் முடிந்ததற்கு 1969-இல் பிரான்சில் பத்ரிஸ் லெக்லெர்க் கண்டறிந்த ஆண் மலட்டுத்தன்மை முக்கியக் காரணம். ஒரு காட்டுச் சூரியகாந்தி இனத்தோடு கலந்ததில், பூ பூக்கும், பூந்தேன் சுரக்கும், சூலும் நன்றாக இருக்கும், ஆனால் மகரந்தம் மட்டும் வராத செடி கிடைத்தது. பெண்பாலுக்கு இந்தச் செடி. ஆண்பாலுக்கு, மகரந்தம் கொடுத்து, அடுத்த தலைமுறையில் மகரந்தம் விளையும் தன்மையைத் திரும்பக் கொண்டுவரும் வேறொரு வழிச் செடி.

வயலில் சில வரிசை பெண், பக்கத்தில் ஓரிரு வரிசை ஆண் என்று மாற்றி மாற்றி நடுவார்கள். விதை எடுப்பது பெண் வரிசையிலிருந்து மட்டும். சூரியகாந்தி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் அதிகம் போகாது. ஆகவே, ஆண் வரிசையிலிருந்து சில அடி தள்ளியிருக்கும் பெண் வரிசைக்கு மகரந்தம் போக வேண்டுமானால் பூச்சி கொண்டுபோக வேண்டும். வேறு வழியே இல்லை.

சரி, இப்போது தேனீயின் பக்கத்திலிருந்து இந்த வயலைப் பாருங்கள். ஆண் வரிசையில் மகரந்தமும் உண்டு, பூந்தேனும் உண்டு. பெண் வரிசையில் பூந்தேன் மட்டும். மகரந்தம் எடுக்க வந்த தேனீக்குப் பெண் வரிசையில் வேலையே இல்லை. பூந்தேனுக்கு வந்த தேனீ பெண் வரிசையில் சுகமாக வேலை செய்யலாம். உடம்பில் தூள் படியாது, துடைக்கத் தேவையில்லை. ஒரு பூவை முடித்ததும் பக்கத்துப் பூ அதே வரிசையில் இருக்கிறது. வரிசை தாண்டிப் போவதற்கு அதற்கு எந்தக் காரணமும் இல்லை. கூட்டில் ஆடும் நடனம்கூட இதற்கு உதவாது. கார்ல் வான் ஃபிரிஷ் விளக்கிய அந்த நடனம் திசையையும் தூரத்தையும் சொல்லும். அங்கே போனபின் எந்த வரிசையில் இறங்குவது என்பது அந்தந்தத் தேனீ பழகிக்கொள்வது.

விளைவு, ஒரே பெட்டியிலிருந்து வந்த தேனீக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு கூட்டம் மகரந்தம் பூசிக்கொண்டு ஆண் வரிசையிலேயே திரியும். இன்னொரு கூட்டம் சுத்தமான உடம்போடு பெண் வரிசையிலேயே திரியும். எங்கு பார்த்தாலும் தேனீ. விதை மட்டும் இல்லை.

இது சூரியகாந்திக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் இல்லை. ஒட்டுவிதை வெங்காயத்திலும் இதே கதைதான். அந்தப் பயிரில் ஆண் மலட்டுச் செடியை ஹென்றி ஜோன்ஸ் 1925-இல் கண்டெடுத்தார், அதுவும் இதே யோலோ மாவட்டத்தில் இருக்கும் டேவிஸ் நகரில். வெங்காயப் பூந்தேனில் பொட்டாசியம் அதிகம். தேனீக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. பக்கத்தில் வேறு பூ இருந்தால் அங்கே போய்விடும். வெங்காய விதை எடுக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் சூரியகாந்திக்காரர்கள் எவ்வளவோ தேவலை.

அப்படியானால் பெண் வரிசையில் கொஞ்சமாவது விதை எப்படிப் பிடிக்கிறது? எப்போதாவது ஒரு தேனீ வரிசை மாறும். அதோடு, இருட்டான கூட்டுக்குள் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நடக்கின்றன. மகரந்தம் எடுத்து வந்த தேனீயின் உடம்புத் தூளில் கொஞ்சம், பூந்தேன் எடுக்கப் போகும் தேனீயின் மேல் ஒட்டும். ஆண் வரிசையை வாழ்நாளில் எட்டிப் பார்க்காத தேனீகூட இப்படிக் கொஞ்சம் மகரந்தத்தோடு கிளம்பக்கூடும்.

எண்ணிக்கை சொன்னது

யோலோ மாவட்டம் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம். மேற்கே கடலோர மலைத்தொடர். அங்கே ஓக் மரங்களும் புதர்க்காடும் இருக்கின்றன. கிழக்கே போகப் போகச் சமவெளி, தொடர்ச்சியான விளைநிலம். ஆகவே சில சூரியகாந்தி வயல்கள் இயற்கை நிலத்துக்கு அருகிலும், சில வெகுதூரத்திலும் அமைந்திருக்கும். பயிர் ஒன்று, பெட்டித் தேனீ ஒன்று, ஆனால் சுற்றுப்புறம் வேறு.

சுற்றுப்புறம் மாறினால் எது மாறும்? காட்டுத்தேனீக்களின் எண்ணிக்கை. இங்கே காட்டுத்தேனீ என்று நான் சொல்வது மரத்திலும் பாறையிலும் அடை கட்டும் தேனீயை அல்ல. பெட்டிக்கு வராத, நாம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேன் சேர்க்காத மற்ற இனங்களை. இவற்றில் பல மண்ணுக்குள் தனியாக வளை தோண்டி முட்டையிடுபவை.

ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு தேனீ ஒருமுறை பெண் பூவில் உட்கார்ந்து போனால் எத்தனை விதை பிடிக்கிறது? பூவில் எத்தனை தேனீ இருக்கிறது என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த ஆய்வு இவ்வளவு பேசப்பட்டிருக்காது. ஒரு வருகைக்கு எத்தனை விதை என்று கேட்டதில்தான் எல்லாமே வெளிப்பட்டது.

காட்டுத்தேனீக்கள் அரிதாக இருந்த வயல்களில், பெட்டித் தேனீ ஒருமுறை வந்து போனதில் சராசரியாக 3 விதை பிடித்தது. காட்டுத்தேனீக்கள் கூடக் கூட அதே பெட்டித் தேனீயின் ஒரு வருகைக்கு 15 விதை வரை பிடித்தது. ஐந்து மடங்கு. இது காட்டுத்தேனீ கொண்டுவந்த விதை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டித் தேனீ உட்கார்ந்து போன பூவில் பிடித்த விதை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 குழாய்ப் பூக்கள் உள்ள கொண்டை என்று வைத்துக்கொள்வோம். வருகைக்கு 3 விதை என்றால் எல்லாம் நிரம்ப 400 வருகை வேண்டும். 15 விதை என்றால் 80 வருகை போதும். வயலில் அவ்வளவு நேர்க்கோடாக நடக்காதுதான். ஒவ்வொரு வட்டமும் திறந்திருக்கும் நாட்கள் குறைவு, ஏற்கெனவே கருவுற்ற பூவிலும் தேனீ உட்காரும். ஆனால் பூக்கும் நாட்கள் ஒரு வாரம்தான் எனும்போது 400-க்கும் 80-க்கும் உள்ள இடைவெளிதான் நிறைந்த கொண்டைக்கும் பொக்குக் கொண்டைக்கும் உள்ள இடைவெளி.

காட்டுத்தேனீக்கள் தாமே நேரடியாக மகரந்தம் சேர்த்ததால் கிடைத்த பலனும் அளக்கப்பட்டது. அது சிறியது. பெட்டித் தேனீயின் வேலையைக் கூட்டிவிட்டதன் வழியாக அவை கொடுத்த பலன், அந்த நேரடிப் பலனைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

என்னதான் செய்கிறது அந்தக் காட்டுத்தேனீ?

முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியாத இடம் இதுதான். காட்டுத்தேனீ எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, மகரந்தத்தைக் கையில் கொடுக்கவும் இல்லை. குறுக்கே வருகிறது, அவ்வளவுதான். ஒரே கொண்டையில் பெட்டித் தேனீயும் காட்டுத்தேனீயும் எதிர்ப்படும்போது பெட்டித் தேனீ எழுந்து பறக்கிறது. அப்படிப் பறந்த தேனீக்கள் ஆண் வரிசையிலிருந்து பெண் வரிசைக்கு மாறுவது, இரண்டு பெட்டித் தேனீக்கள் எதிர்ப்படும்போது மாறுவதைவிட அதிகம். உடம்பு நிறைய மகரந்தத்தோடு இடம் பெயர்ந்த தேனீ பெண் பூவில் போய் இறங்கினால் விதை பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்த வயல்களுக்கு வரும் காட்டுத்தேனீக்களில் மெலிசோடெஸ் என்ற நீள உணர்கொம்புத் தேனீக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றின் பெண்கள் மண்ணில் கூடு வைத்து, சூரியகாந்திக் குடும்பப் பூக்களின் மகரந்தத்தையே பெரிதும் நம்பிப் பிள்ளை வளர்ப்பவை. ஆண்களுக்குக் கூடு இல்லை. பகல் முழுக்கக் கொண்டைக்குக் கொண்டை வேகமாகப் பறந்து பெண்ணைத் தேடும். பூவில் எது அசைந்தாலும் பாய்ந்து பார்க்கும். அங்கே உட்கார்ந்திருப்பது பெட்டித் தேனீயாக இருந்தால் அது மிரண்டு இடம் மாறும். இரவில் இந்த ஆண்கள் பூவைப் பிடித்தபடியே தூங்கும்.

சூரியகாந்தி வட அமெரிக்காவின் சொந்தச் செடி. மெலிசோடெஸ் மாதிரியான தேனீக்கள் அதோடு கூடவே வாழ்ந்து வந்தவை. பெட்டித் தேனீ அந்தக் கண்டத்துக்குப் புதிது. 1622-இல் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் போனது, கலிபோர்னியாவுக்கு 1853-இல்தான் போய்ச் சேர்ந்தது. பழைய கூட்டாளியும் புது வேலையாளும் ஒரே கொண்டையில் மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதலில் செடிக்கு விதை கிடைக்கிறது.

எது வரை இதை நீட்டலாம்

ஆணும் பெண்ணும் வேறுவேறு வரிசையில் இருக்கும் பயிரில்தான் இந்த ஐந்து மடங்குப் பேச்சு செல்லும். எண்ணெய்க்காக விளைவிக்கும் இன்றைய சூரியகாந்தி ரகங்கள் பலவற்றில் ஒரே கொண்டைக்குள்ளேயே கணிசமாக விதை பிடித்துவிடும். அங்கேயும் தேனீ வந்தால் நல்லது, ஆனால் கணக்கு வேறு.

ஆனால், பூச்சி வரிசை மாறுவதுதான் விஷயம் என்ற கருத்து வேறு பயிரிலும் நின்றது. கலிபோர்னியா பாதாம் தோப்புகளில் ஒரு ரகத்தின் மகரந்தம் இன்னொரு ரகத்துக்குப் போக வேண்டும். ரகங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கும். 2013-இல் வந்த ஆய்வில், மற்ற தேனீ இனங்களும் இருக்கும் இடத்தில் பெட்டித் தேனீக்கள் மர வரிசைகளுக்கிடையே அதிகமாக மாறின, காய்ப்பும் கூடியது. அதே ஆண்டு உலகின் பல பகுதிகளில் 41 பயிர் அமைப்புகளிலிருந்து சேர்த்த தரவுகளைப் பார்த்தவர்கள், காட்டுப் பூச்சிகளின் வருகை எல்லா அமைப்புகளிலும் காய்ப்பைக் கூட்டியதாகவும், பெட்டித் தேனீயின் வருகை 14 விழுக்காட்டில் மட்டும்தான் தெளிவாகக் கூட்டியதாகவும் எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பெட்டித் தேனீயால் பயனில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யோலோ வயல்களில் பூக்களுக்கு வந்தவற்றில் பெரும்பான்மை பெட்டித் தேனீக்கள்தான். ஒரு பெட்டியில் பல பத்தாயிரம் தேனீக்கள். பூக்கும் வாரத்தில் அவ்வளவு பேரை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேறு எந்தப் பூச்சியாலும் முடியாது. ஆள்பலம் அவற்றுடையது. காட்டுத்தேனீ அந்த ஆள்பலத்தை வரிசை தாண்ட வைக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விடுவதற்கு இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை.

பெட்டித் தேனீயை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வெகுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி 1987-இலேயே அமெரிக்காவுக்கு வந்து பெட்டிகளைப் பலவீனப்படுத்தியிருந்தது. இந்தக் கட்டுரை வெளிவந்த அதே 2006-இன் கடைசியில், வேலைக்காரத் தேனீக்கள் திடீரென்று காணாமல் போய், ராணியும் புழுக்களும் மட்டும் மிஞ்சிய பெட்டிகளைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. அடுத்த குளிர்காலங்களில் சில தேனீ வளர்ப்பாளர்கள் பாதிக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழந்தார்கள்.

வயலில் நின்று பார்க்க வேண்டியது

விதைப் பயிர் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன. பெட்டிகளைப் பூ திறக்கும் முன்பே கொண்டுவந்து வைத்தால் தேனீக்கள் சுற்றியுள்ள வேறு பூக்களுக்குப் பழகிவிடும். முதல் பூக்கள் திறந்தபின் கொண்டுவருவது நல்லது. ஆணும் பெண்ணும் ஒரே நாட்களில் பூக்கும்படி விதைப்பைத் தள்ளிப் போடுவது, வேறு எதையும்விட முக்கியம். பெண் கொண்டை திறந்திருக்கும்போது ஆண் வரிசையில் மகரந்தம் இல்லையென்றால் எந்தத் தேனீயாலும் ஒன்றும் செய்ய முடியாது. பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உழாத நிலத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மண்ணில் கூடு வைக்கும் தேனீயின் குஞ்சு, வருடத்தின் பெரும்பகுதியை நிலத்துக்குள்ளேயே கழிக்கிறது. வரப்பையும் ஓரத்தையும் சுத்தம் செய்கிறோம் என்று ஆழ உழுதுவிட்டால் அடுத்த பருவத்துக்கு வர வேண்டிய தேனீக்கள் அங்கேயே முடிந்துபோகும். ஓரத்தில் கொஞ்சம் நிலத்தைத் தொடாமல் விடுவதும், சூரியகாந்தி இல்லாத மாதங்களில் பூக்கும் செடிகளை அங்கே நிற்க விடுவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். அதனால் அடுத்த ஆண்டே விதை இவ்வளவு கூடும் என்று என்னால் எண் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடுகள் அழிந்த இடத்தில் எத்தனை பெட்டி வைத்தும் 3 விதை 15 ஆகாது.

அப்புறம், வயலுக்குப் போகும்போது ஒரு கொண்டையில் எத்தனை தேனீ என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். ஆண் வரிசையில் உடம்பு மஞ்சளாகத் தெரியும் ஒரு தேனீயைத் தேர்ந்தெடுத்து, அது கண்ணை விட்டு மறையும்வரை பின்னாலேயே போங்கள். எத்தனை பூவில் உட்கார்கிறது, யார் வந்தபோது எழுகிறது, எழுந்ததும் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது தேனீக்களைப் பார்த்து முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகும். அந்த இருபதில் எத்தனை பெண் வரிசைக்குள் இறங்கின என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அறுவடையில் கொண்டையைத் தட்டிப் பாருங்கள்.